பெண்கள் வரிசை

நெட்டிவயலில் பஞ்சநதத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைச் சொல்வார்கள்: அவர் சொன்னால் சொன்னதுதான். இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் எல்லாம் அவரோடு ஒரு கூரையின் கீழே குடித்தனம் பண்ணாதவர்கள். அவர் பெண்டாட்டி அகிலாண்டத்தைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள். "அந்த வாயிலேருந்து வெளிய வந்தது வந்ததுதான். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் உள்ள போவாது" என்பாள்.

மகள் மங்களாம்பிகை விஷயத்திலும் அந்த வாய்தான் எல்லாவற்றையும் செய்தது. மன்னார்குடிக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போன இடத்தில் மங்களா ரெமிஜியஸைப் பார்த்தாள். பக்கத்து ஊர்க் கிறிஸ்தவப் பையன், மோட்டார் மெக்கானிக். தங்கமான பிள்ளை. பஞ்சநதத்தின் வயல் மோட்டார் படுத்துக்கொண்டபோதெல்லாம் அவன்தான் வந்து பிரித்துப் போட்டு ஓட வைத்தான். மோட்டாரைத் தொட்டால் தீட்டில்லை, பெண்ணைத் தொட்டால் தீட்டு என்பது பஞ்சநதத்தின் கட்சி. கேட்டுப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருநாள் இரண்டு பேரும் திருப்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஊரிலிருந்த இளவட்டத்தில் பாதி அந்த பஸ்ஸில்தான் போனது. மற்றவர்கள் போனதற்குப் பிழைக்கப் போனார்கள் என்று பெயர், மங்களா போனதற்கு மட்டும் ஓடிப்போனாள் என்று பெயர். பஞ்சநதம் நேரே ஆற்றுக்குப் போய்க் கிடந்த கொஞ்சம் தண்ணீரில் உட்கார்ந்து தலைமுழுகினார். ஈர வேட்டியோடு வாசலில் வந்து நின்று, "இனிமே அவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. இங்கேருந்து யாரும் அவ வாசப்படிய மிதிக்கக் கூடாது. மிதிச்சா நான் இருக்கமாட்டேன்" என்றார்.

ஆனால் வாசப்படிக்குச் சட்டம் போட்ட மனுஷன் பள்ளிக்கூடத்துக்குப் போட மறந்துவிட்டார்.

மங்களாவுக்கு ஓட்டு நெட்டிவயலில்தான் இருந்தது. ஊரைவிட்டுப் போகும்போது ஒரு பையில் இரண்டு புடவையும் வாக்காளர் அட்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அடுத்த தேர்தலுக்கு பனியன் கம்பெனியில் லீவு விட்டபோது ஊர்க்காரர்களோடு அவளும் பஸ் ஏறி வந்தாள். வீட்டுக்கு வரவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெண்கள் வரிசையில் நின்றாள். முன்னால் நின்றுகொண்டிருந்த அகிலாண்டம் திரும்பிப் பார்த்தாள், தன் இடத்தை விட்டுவிட்டு மகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அம்மாவும் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், என்னவோ பேசினார்கள்.

எதிரே புங்க மரத்தடியில் ஆண்கள் வரிசை. பஞ்சநதம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். சர்க்கார் இடம், போலீஸ்காரன் நிற்கிறான், சத்தம் போட்டால் நமக்குத்தான் அசிங்கம் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். உள்ளதைச் சொன்னால், அவருக்குச் சத்தம் போடவே தோன்றவில்லை. பெண் இளைத்துப் போயிருந்தாள்.

அதற்கப்புறம் சட்டசபையோ பாராளுமன்றமோ பஞ்சாயத்தோ, எந்தத் தேர்தல் வந்தாலும் அந்த வீட்டுக்கு அது திருவிழாதான். அகிலாண்டம் முதல்நாளே எள்ளுருண்டை பிடித்து டப்பாவில் போட்டு வைப்பாள். யாருக்கு என்று பஞ்சநதம் கேட்க மாட்டார். அவரும் சவரம் பண்ணிக்கொண்டு, நீலம் போட்ட வேட்டியை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கட்டுவார். முதல் தேர்தலில் மங்களா தனியாக வந்தாள், அடுத்ததில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள், அதற்கடுத்ததில் இடுப்பில் குழந்தை. பிறகு அந்தக் குழந்தை ரோஸ்லின் இரட்டைப் பின்னலோடு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, எதிர் வரிசையில் நிற்கிற தாத்தாவை எட்டி எட்டிப் பார்த்தது. பஞ்சநதம் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரியே பார்ப்பார்.

வரிசை மெள்ள நகர வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்ட குடும்பம் நாட்டிலேயே இது ஒன்றுதான் இருக்கும். பின்னால் வருகிறவர்களை எல்லாம் அகிலாண்டம், "நீ முன்னாடி போ ஆத்தா, வெயில்ல நிக்காதே" என்று அனுப்பிக்கொண்டே இருப்பாள். ஊருக்கும் விஷயம் தெரியும். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. எந்தச் சின்னத்தில் போட்டீர் என்று பஞ்சநதத்தைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார். பேத்தி என்ன கலர் கவுன் போட்டிருந்தாள் என்று கேட்டால் பட்டென்று சொல்லுவார். அதைத்தான் ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. பங்காளி வீட்டில் விசேஷம். பாக்கு வெற்றிலை வைத்து எல்லாரையும் அழைத்தவர்கள் பஞ்சநதத்தை மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். ஏன் என்று டீக்கடையில் வைத்துக் கேட்டதற்கு, "பொண்ண ஓட விட்டவரு சபையில வந்து குந்தணுமாக்கும்" என்று ஒருவன் சொல்லிவிட்டான். பஞ்சநதம் கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தார். அகிலாண்டம் களை எடுக்கப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் கதையே வேறு.

அந்த நேரம் பார்த்து வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஹலீமா வந்து நின்றாள். அங்கன்வாடி டீச்சர், கோடியக்கரைப் பக்கத்திலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்தவள், ஊர்க்கதை ஒன்றும் தெரியாது. கையில் ஒரு கட்டுக் காகிதம், வெயிலில் நடந்து நடந்து முகம் சிவந்திருந்தது. பேர் பேராக வாசித்தாள். பஞ்சநதம், அகிலாண்டம் ஆயிற்று.

"மங்களாம்பிகை, தகப்பனார் பேரு பஞ்சநதம். இருக்காங்களா ஐயா?"

"அப்படி யாரும் இங்க இல்ல."

"லிஸ்ட்ல பேரு இருக்குதுங்களே?"

"தலைமுழுகியாச்சு."

ஹலீமா நிமிர்ந்து பார்த்தாள். மனுஷனின் கண்ணெல்லாம் கலங்கிச் சிவந்திருந்தது. "இறந்துட்டாங்களா ஐயா?" என்று குரலை இறக்கிக் கேட்டாள்.

"எனக்கு அவ செத்துட்டா" என்றார் பஞ்சநதம்.

பாவம், அவள் என்ன செய்வாள்? ‘இறப்பு’ என்பதற்கு அந்தக் காகிதத்தில் ஒரு கட்டம் இருந்தது. ‘எனக்கு’ என்பதற்குக் கட்டம் இல்லை. பெற்ற அப்பனே வாய்விட்டுச் சொல்லுகிறபோது சர்டிபிகேட் எங்கே என்று கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. "மன்னிச்சுக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை நீட்டினாள். பஞ்சநதம் என்ன ஏது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அன்றைய கோபம் மறுநாள் கழனியில் மடை திறந்துவிடப் போனபோது இறங்கிவிட்டது. போட்ட கையெழுத்து என்னவாயிற்று என்று அவர் நினைக்கவே இல்லை.

அடுத்து வந்த தேர்தலில் அது தெரிந்தது. மங்களாவும் அகிலாண்டமும் வழக்கம்போல் பேசிப் பேசி, நகர்ந்து நகர்ந்து, உள்ளே போனார்கள். முதல் மேசையில் உட்கார்ந்திருந்தவர் அட்டையை வாங்கிப் பார்த்தார், பட்டியலைப் புரட்டினார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"பேரு நீக்கிருக்கும்மா."

"ஏன் சார்? போன தடவைகூட போட்டேனே?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "இறந்துட்டதா போட்டிருக்கு."

மங்களாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "நான் இங்க நிக்கிறேனே சார், கண்ணு தெரியலையா? இந்தா, அட்டையில இருக்கிறது என் மூஞ்சிதானே?"

"மூஞ்சி உங்க மூஞ்சிதாம்மா. நான் இல்லைங்கல. அட்டை இருந்தா மட்டும் போதாது, பட்டியல்ல பேரு இருக்கணும். இல்லாதவங்களுக்கு நான் மை வெச்சா என் வேலை போயிடும்."

"யாரு சார் சொன்னது, நான் செத்துட்டேன்னு?"

"வீட்டுல கேட்டுத்தான் எழுதுவாங்க" என்றார் அவர்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருத்தி பக்கத்தில் நின்று வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். மங்களா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். புங்க மரத்தடிக்கு நேரே நடந்து போய், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அப்பாவின் எதிரே நின்றாள்.

"ஏம்ப்பா, கருமாதியும் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். பஞ்சநதம் இல்லம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதுகூட வரவில்லை. அவள் பதிலுக்காக நிற்கவும் இல்லை. எள்ளுருண்டை டப்பா அகிலாண்டத்தின் கையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் காலையில் அகிலாண்டம் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பஞ்சநதம் வயலிலிருந்து வந்து தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, சோறு ஆக்கலையா?"

"சாவு வீட்டுல அடுப்பெரியுமாங்க? பொண்ணு செத்துருக்கால்ல?" என்றாள். "சொந்தக்காரங்க யாராச்சும் கொண்டாந்து போடுவாங்க. அதுவரைக்கும் காத்துக் கெடங்க."

யார் கொண்டுவரப் போகிறார்கள்? பஞ்சநதம் டீக்கடை பன்னைத் தின்றுவிட்டு வீம்பாக இருந்து பார்த்தார். அவர் வீம்பைவிட அவளுடைய மௌனம் பெரிதாக இருந்தது. கடைசியில் அவள் முன்னால் வந்து உட்கார்ந்து, "நான் வேணும்னு சொல்லலடி. கோவத்துல வந்துருச்சு. இப்ப என்ன பண்ணணும், சொல்லு" என்றார். அவர் இறங்கிப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உயிரோட இருக்கான்னு போய்ச் சொல்லுங்க. செத்துட்டான்னு சொன்ன வாயாலயே சொல்லுங்க" என்றாள்.

தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தார் என்று கேட்காதீர்கள். உயிரோடிருக்கிறவளுக்கு உயிர் கொடுக்க அவ்வளவு காகிதம் கேட்டார்கள். நீக்கிய பேரை அப்படியே திரும்பச் சேர்க்க முடியாது, புதிதாகச் சேருகிற மாதிரி மனுப் போட வேண்டும் என்றார்கள். அதற்கு இந்த ஊரில் இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். தலைமுழுகிய வாரமே பஞ்சநதம் போய் ரேஷன் கார்டிலிருந்து மகள் பேரை எடுத்துவிட்டிருந்தார். வங்கிப் புத்தகம் திருப்பூரில். "சரி, மனுவைக் குடுத்துட்டுப் போங்க, வீட்டுக்கு விசாரணைக்கு வருவாங்க, அப்ப சொல்லுங்க" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. மங்களாவிடம் மனுவில் கையெழுத்து வாங்குவதற்கு ஊர்க்காரன் ஒருவனைத் திருப்பூருக்கு அனுப்பியது அகிலாண்டம். தானே போயிருக்கலாமே என்பீர்கள். வாசப்படிச் சட்டம் இன்னும் அப்படியே இருந்தது. அதை எடுக்கிற வார்த்தை மட்டும் அந்த மனுஷன் வாயில் வரவில்லை. அப்படி என்ன பாழாய்ப்போன பிடிவாதமோ! பெண்ணை வீட்டுக்கு அழைப்பதைவிட ஓட்டு வரிசைக்கு அழைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

விசாரணை நாளும் வந்தது. ஹலீமாவோடு இந்தத் தடவை ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். செத்ததாக எழுதின பேர் என்பதால் நேரில் விசாரிக்க வேண்டுமாம். ஹலீமாவுக்கு இதற்குள் ஊர்க்கதை எல்லாம் தெரிந்திருந்தது. குற்றம் செய்துவிட்டவள் மாதிரி தலைகுனிந்து நின்றாள். அகிலாண்டம் நிலைக்கதவுக்குப் பின்னால் நின்றாள்.

பஞ்சநதம் முதல்நாளிலிருந்தே தயாராக இருந்தார். போன தடவை வாய் தவறியதால் வந்த வினை. இந்தத் தடவை ஒரு வார்த்தை பிசகக் கூடாது, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் உரு போட்டு வைத்திருந்தார்.

"உங்க பொண்ணு உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நல்லா இருக்காய்யா. எம் பொண்ணு நல்லா இருக்கா." அந்த ‘எம் பொண்ணு’ வந்ததும் அவருக்கு மடை உடைத்துக்கொண்டது. "நான் பாவி, கோவத்துல சொல்லிட்டேன். திருப்பூர்ல இருக்கா. பனியன் கம்பெனியில வேலை. மருமகப்புள்ள ரெமிஜியஸ், தங்கமான புள்ள, எந்த மெஷினக் குடுத்தாலும் ஓட வெச்சுருவாரு. ஒரு பேத்தி இருக்குய்யா. ரோஸ்லின். அங்கயே பள்ளிக்கூடத்துல படிக்குது. வீடு வாடகைதான், இருந்தாலும் குறையில்ல."

கதவுக்குப் பின்னால் அகிலாண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருமகப்புள்ள என்று அந்த வாய் சொல்லிக் கேட்பாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. ஹலீமா மட்டும் பேனாவை மூடிவிட்டாள்.

"இங்க குடியிருக்கிறதில்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்கய்யா, திருப்பூர்லதான். போயி ரொம்ப வருஷமாச்சே."

"அப்ப இங்க எப்படிங்க சேர்க்கிறது? வழக்கமா எங்க குடியிருக்காங்களோ அங்கதானே ஓட்டு?"

"போன தடவை வரைக்கும் இங்கதானேய்யா போட்டா?"

"அது யாரும் கேட்காம ஓடிக்கிட்டிருந்தது. இப்ப நீங்களே சொல்லிட்டீங்களே, அங்க இருக்காங்கன்னு. எழுதாம விட முடியாது."

அகிலாண்டம் வெளியே வந்துவிட்டாள். "ஐயா, அவரு தெரியாம சொல்றாருய்யா. எம் பொண்ணு இங்கதான் இருக்கா, வேலைக்குத்தான் போயிட்டு வரா" என்று கும்பிட்டாள். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. "கேட்டுட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார். பஞ்சநதம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே தப்பு நடந்தது என்று அவருக்கு அவர்கள் தெருமுனை தாண்டிப் போன பிறகுதான் விளங்கியது. பொய்யைச் சொன்னபோது எழுதிக்கொண்டார்கள். நிஜத்தைச் சொன்னபோதும் எழுதிக்கொண்டார்கள். இரண்டு தடவையும் அடிபட்டது அவள் பேர்தான்.

திருப்பூரிலும் மங்களா முயற்சி செய்யாமல் இல்லை. வாடகைச் சீட்டுக் கொடுங்கள் என்று வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "ஓட்டு இங்க வந்தா அப்புறம் வீட்டை நீங்க காலி பண்ணமாட்டீங்க" என்று மறுத்துவிட்டார். ஆபீசில் போய் நின்றால், பழைய ஊரில் பேர் நீக்கின காகிதம் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தாள். அதில் இறப்பு என்று இருந்தது. "செத்தவங்க எப்படிம்மா வீடு மாறுவாங்க?" என்று அங்கே ஒருவர் கேட்டாராம். ஊர் டீக்கடைக்காரர் போனுக்குக் கூப்பிட்டு இதை அம்மாவிடம் சொல்லிவிட்டு மங்களா சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் உடைந்தது.

"தேர்தலுக்குச் சும்மாவாச்சும் வந்துட்டுப் போயேன்டி" என்றாள் அகிலாண்டம்.

"லீவு குடுக்க மாட்டாங்கம்மா. மறுநாள் போயி விரல்ல மை காட்டணும், காட்டுனாத்தான் சம்பளம். மை இல்லாத லீவுக்கு வேலையே போயிடும்." பிறகு, "வரிசையில நிக்க எனக்கு என்னம்மா பாத்தியதை இருக்கு? போலீஸ்காரன் வெளிய போன்னுவான். வீட்டுக்கு வான்னு அப்பா சொன்னாரா?" என்று கேட்டாள்.

அகிலாண்டம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பஞ்சநதம் கடை வாசலில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

தேர்தல் வந்தது. பஞ்சநதம் சவரம் பண்ணிக்கொள்ளவில்லை. திருப்பூர் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் கூடி ஒரே சத்தமாக இருந்தது. அகிலாண்டம் பெண்கள் வரிசையில் போய் நின்றாள். நின்றவள் பழக்கதோஷத்தில் பின்னால் வந்தவர்களை, "நீ முன்னாடி போ ஆத்தா" என்று அனுப்பத் தொடங்கினாள். யாருக்காக இப்படி அனுப்புகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை, புரிந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வரிசை முழுக்கத் தீர்ந்து அவள் ஒருத்தி மட்டும் நின்றாள். "உள்ள போங்கம்மா" என்றான் போலீஸ்காரன்.

ஆண்கள் வரிசையிலிருந்து பஞ்சநதமும் அப்போதுதான் உள்ளே போனார். மேசையில் இருந்தவர் எந்த ஊரோ, புது ஆள்.

"பேரு சொல்லுங்க ஐயா."

"மங்களாம்பிகை."

பக்கத்தில் இருந்த கட்சி ஏஜெண்டு பையன் சிரித்தான். "பெரியப்பா, உங்க பேரச் சொல்லுங்க."

"அவ பேரு இருக்கான்னு பாருங்க தம்பி."

"அது இல்லைன்னுதான் தெரியுமே பெரியப்பா."

"அப்ப எம் பேரையும் அடிச்சிடுங்க" என்றார் பஞ்சநதம். "எழுதிக்குங்க. நானும் செத்துட்டேன்."

மேசைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியெல்லாம் நினைச்சவுடனே அடிக்க முடியாதுங்க ஐயா. மனு எழுதிக் குடுக்கணும். நோட்டீஸ் வரும், விசாரிப்பாங்க. அதுக்கெல்லாம் முறை இருக்கு."

"எம் பொண்ணுக்கு வாய் வார்த்தை போதுமா இருந்துச்சேய்யா?"

அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? "பின்னாடி ஆளு நிக்குது பாருங்க ஐயா" என்று தாழ்வாகச் சொன்னார். பஞ்சநதம் தன் பேரைச் சொன்னார். விரலில் மை வைத்தார்கள். மறைவுக்குப் பின்னால் போய்க் கண்ணில் பட்ட பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்தார்.

அகிலாண்டம் புங்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்ததும் அவரைப் பார்க்காமல், மை வைத்த தன் விரலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கும் அவளுக்கும் சேத்துதாங்க அமுக்குனேன். விரலை எடுக்காம ரொம்ப நேரம் அமுக்கிக்கிட்டே நின்னேன். மிஷினு ஒரு தடவைதாங்க கத்துச்சு."

அதுவரை அழாமல் இருந்தவள் அப்போது ஊர் பார்க்க அழுதாள். பஞ்சநதம் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.